ரத்னம்மா கதவைத் திறந்தாரா?

1

இந்த மாதத் தொடக்கத்தில் எங்கள் வார்டில் மைக் கட்டிய ஆட்டோக்கள் மறுபடி வர ஆரம்பித்தன. இந்த முறை சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் சேர்ந்தே தேர்தல். பெங்களூரின் ஏப்ரல் வெயில் இப்போதெல்லாம் ஆரணி வெயிலுக்கு அதிகம் குறைந்ததில்லை. இருந்தும் முதல் ஆட்டோவின் சத்தம் தெருமுனையில் கேட்டதும் என் மனைவி மல்லிகா எழுந்துபோய் எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்டு வந்தாள்.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க, போயிடும்" என்றாள்.

வியர்வையோடு உட்கார்ந்திருந்தோம். ஆட்டோ போனது. அதன் பிறகும் அவள் ஜன்னலைத் திறக்கவில்லை.

அன்று மாலை ஆரணியிலிருந்து என் தங்கை மகன் போன் செய்தான். "உங்க ஊர்ல யாரு மாமா வருவாங்க?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். "இவ்ளோ வருஷமா அங்க இருக்கீங்க, தெரியலன்றீங்களே" என்று சிரித்தான். அவனுக்குத் தேர்தல் என்பது யார் வருவார்கள் என்பதோடு முடிந்துவிடுகிற விஷயம். எங்கள் வீட்டிலோ மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்த ஒரு மாநகராட்சித் தேர்தலே இன்னும் முடிந்தபாடில்லை. போனில் சொல்லக்கூடிய கதை இல்லை அது. அதனால் எழுதுகிறேன். எழுதினால் எனக்காவது புரியுமா என்று பார்க்கலாம்.

2

நான் லிஃப்ட் மெக்கானிக். எண்பத்தேழில் இங்கே வந்தேன். நீலசந்திராவை ஒட்டிய ஒரு பகுதியில்தான் அன்றிலிருந்து வாடகைக்குக் குடியிருக்கிறேன். பின் சந்தில் வரிசையாக ஷீட் போட்ட வீடுகள். அங்கே பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். முன் தெருவில் மாடி வீடுகள். அங்கே பெரும்பாலும் கன்னடக் குடும்பங்கள். ரேஷன் கடையில் பெயர் கேட்டபோது நம் ஊர் வழக்கப்படி "ஆரணி முத்துக்குமார்" என்றேன். அவர்கள் முதலில் வருவதுதான் பெயர் என்று எழுதிக்கொண்டார்கள். அதைப் பார்த்து வாக்காளர் அட்டையிலும் அப்படியே போட்டார்கள். பெயர் ஆரணி, தகப்பனார் பெயர் முத்துக்குமார். திருத்தச் சொல்லி எத்தனை முறை போனேன் என்று கணக்கில்லை. "ஆரணி அவரே, அடுத்த வாரம் பன்னி" என்பார்கள், கன்னடத்தில் வாருங்கள் என்பதற்கு அதுதான் சொல். ஆரணிக்குப் போனால் நான் பெங்களூர்க்காரன். இங்கே என் பெயரே ஆரணி.

இரண்டு தெருக்களுக்கும் பொதுவாக மூலையில் ஒரு மாவு மில் உண்டு. அதை நடத்துபவர் ரத்னம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எல்லோருக்கும் அக்கா. அவருடைய தாத்தா காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்து, பிறகு பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு வந்து சேர்ந்த குடும்பம். வீட்டுக் கூடத்தில் பெரிய புத்தர் படம் மாட்டியிருக்கும். கணவர் இறந்த பிறகு மில்லைத் தனியாக நடத்தி மகன் சேகரை வளர்த்தார். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார். தான் எந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை அவர் கவனிப்பதே இல்லை என்று எனக்குத் தோன்றும்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தது. அன்று மதியம் மெயின் ரோட்டில் தமிழ்நாட்டு நம்பர் வண்டிகள் எரிகின்றன என்றார்கள். புகையும் தெரிந்தது. பின் சந்தில் இருந்த எங்கள் ஷீட் வீட்டில் தாழ்ப்பாள்கூடச் சரியாக விழாது. எங்கள் மகள், எட்டு வயது ரேவதியைத் தூக்கிக்கொண்டேன். மல்லிகா ஒரு பையோடு பின்னால் வந்தாள். மூலையில் மில்லை ஒட்டிய ரத்னம்மா வீட்டில்தான் இரும்புக் கதவு இருந்தது. போய்த் தட்டினேன். கதவு திறந்தது. நாங்கள் உள்ளே போனோம்.

பத்து வருடங்களாக நான் இந்தச் சம்பவத்தை இந்த அளவில்தான் சொல்லிவந்தேன். அன்று இன்னும் சில குடும்பங்களும் பிறகு வந்து சேர்ந்தன. ஊர் அடங்கும்வரை அவருடைய வீட்டில் எல்லோரும் கேழ்வரகு உருண்டையும் கீரைக் குழம்பும் சாப்பிட்டோம். ரேவதி, சேகரோடு தாயம் விளையாடினாள். அதற்கு முன்பு நாங்கள் அவருக்கு மாவு அரைக்க வருகிறவர்கள். அதற்குப் பிறகு, தீபாவளிக்கு முதல் தட்டு அவர் வீட்டுக்குத்தான் போகும்.

3

இரண்டாயிரத்து ஒன்றில் மாநகராட்சித் தேர்தல் வந்தபோது ரத்னம்மா சுயேச்சையாக நின்றார். பின் சந்துக்குக் குடிநீர்க் குழாய் வரவழைத்தவர் அவர். முன் தெருவில் சாக்கடை நிரம்பி வழிந்தபோது அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்து ஆள் கூட்டிவந்தவரும் அவர்தான். எதிரில் நின்றவர் மஞ்சுநாத் என்ற ஹார்ட்வேர் கடைக்காரர், ஒரு பெரிய கட்சியின் வேட்பாளர். அவரும் கெட்டவர் இல்லை. கடன் கேட்டால் குழாயும் வாளியும் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுப்பார். ஆரம்பத்தில் இரண்டு தரப்பும் சாக்கடை, தண்ணீர், தெருவிளக்கு என்றுதான் பேசினார்கள். ரத்னம்மா ஜெயித்துவிடுவார் போலிருக்கிறது என்ற பேச்சு வந்த பிறகுதான் அந்த ஆட்டோ வந்தது.

அன்று முன் தெருவில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பில் எனக்கு வேலை. லிஃப்டின் மெஷின் ரூம் மொட்டை மாடியில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் பின் சந்து, மறுபக்கம் முன் தெரு. ஆட்டோ முதலில் பின் சந்துக்குள் நுழைந்தது. மைக்கில் ஒருவர் நல்ல தமிழில் பேசினார்.

"தொண்ணூத்தொண்ணுல நீங்க பொண்டாட்டி புள்ளைங்களோட உயிருக்குப் பயந்து ஓடினப்ப, இரும்புக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தது யாரு? உங்களுக்குத் தொறக்காத அந்தக் கைதான் இன்னிக்கு உங்ககிட்ட ஓட்டு கேக்குது."

கையில் ஸ்பானரோடு அப்படியே நின்றேன். ஆட்டோ சந்தைச் சுற்றிக்கொண்டு முன் தெருவுக்கு வந்தது. அதே ஆட்டோ, அதே குரல். இப்போது கன்னடத்தில் பேசியது. ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது வெளிமாநிலத்தாருக்குக் கதவைத் திறந்து உள்ளே ஒளித்து வைத்தது யார், அப்படிப்பட்டவர் கவுன்சிலர் ஆனால் யாருக்கு வேலை செய்வார், யோசியுங்கள் என்றது.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரே ஆள் ஒரே நாளில் ஒரே கதவைத் திறக்காமலும் திறந்தும் இருக்க முடியுமா? எல்லோருக்கும் இது தெரிந்துவிடும், இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இங்கே பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மொழியும் தெரியும்.

யாரும் சிரிக்கவில்லை. மாலையில் டீக்கடையில் பின் சந்துக்காரர் ஒருவர், "அது உண்மைன்னுதான் எங்க சித்தப்பா சொல்றாரு" என்றார். அவருடைய சித்தப்பா அந்தக் கலவரத்தின்போது பெங்களூரிலேயே இல்லை. மறுநாள் நான் வேலை செய்த குடியிருப்பின் செயலாளர், எப்போதும் காபி கொடுக்கிற மனிதர், "ரத்னம்மா ஒள்ளேயவரு, நல்லவங்கதான்" என்று ஆரம்பித்து "ஆதரே…" என்று இழுத்தார். ஆனாலும் என்று அர்த்தம். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள்கூடத் தங்கள் தெருவில் கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அது எப்படி முடிகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

4

வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் சொல்லிக் கோபப்பட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், "தொறந்தாங்க. இல்லன்னு யாரு சொன்னா? ஆனா உடனே தொறக்கல இல்ல?" என்றாள்.

"என்ன சொல்ற?"

"ரொம்ப நேரம் நின்னோமே. நீங்க தட்டிக்கிட்டே இருந்தீங்க. உள்ள ஆள் நடமாடுற சத்தம் கேட்டுச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

பத்து வருடத்தில் ஒருமுறைகூட அவள் இதைச் சொன்னதில்லை. "இத்தன நாளா ஏன் சொல்லல?" என்றேன். "இத்தன நாளா தோணல" என்றாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆட்டோ சொன்னதைக் கேட்ட பிறகு அந்த நேரம் அவளுக்குள் நீண்டுவிட்டதா, அல்லது உண்மையிலேயே நீளமாக இருந்ததை நான்தான் நன்றியில் சுருக்கிவிட்டேனா? நான் நினைத்துப் பார்த்தேன். புகை நினைவிருக்கிறது. ரேவதியின் செருப்பு ஒன்று விழுந்தது நினைவிருக்கிறது. எவ்வளவு நேரம் தட்டினேன் என்பது மட்டும் இல்லை.

ரேவதிக்கு அதுதான் முதல் ஓட்டு. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். தோழிகளோடு கன்னடம், எங்களோடு தமிழ், தமிழ்ப் பேப்பரைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "நீதான் என் தோள்ல இருந்த. உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ப்பா, எனக்கு எட்டு வயசு. நீங்க சொல்லிச் சொல்லித்தான் எனக்கு ஞாபகம். இப்ப அம்மா வேற மாதிரி சொல்றாங்க. நான் யார் சொல்றத வச்சுக்கறது?" என்றாள்.

ஓட்டுப் பதிவுக்குச் சில நாள் முன்பு ரத்னம்மா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினார்.

"முத்து, நாளைக்குப் பின் சந்துல மீட்டிங் வச்சிருக்குது. நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. அன்னிக்கு மொதல்ல வந்தது நீங்கதான. உள்ள வுட்டாங்க, சோறு போட்டாங்கன்னு சொல்லு. அது போதும்."

"கண்டிப்பா சொல்றேன்க்கா" என்றேன். சொல்லிவிட்டுத்தான் எனக்கு உறைத்தது. "ஆனா அக்கா, மைக்ல சொன்னா அது முன் தெருவுக்கும் கேக்கும். நீங்க எங்களத் தொறந்து உள்ள விட்டீங்கன்னு நானே சாட்சி சொன்னா, அந்த ஆட்டோ அங்க சொல்றது நெஜம்னு ஆயிடுமே."

"அப்ப தொறக்கலன்னு சொன்னா இங்க ஓட்டு போவும், தொறந்தேன்னு சொன்னா அங்க போவும்" என்றார்.

"ஆமாக்கா."

"அப்ப நான் இன்னா பண்ணியிருக்கணும் அன்னிக்கு?"

மல்லிகா அப்போது உள்ளே இருந்து காபியோடு வந்தாள். ரத்னம்மா வாங்கிக்கொண்டார். மல்லிகா அவர் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தாள். அதை அவர் கவனித்துவிட்டார் என்று நினைக்கிறேன். பாதிக் காபியை வைத்துவிட்டு, "வேணாம் முத்து, நீ வராத. சும்மா இருந்தா அதுவா அடங்கிடும்" என்று சொல்லிப் போனார்.

அடங்கவில்லை. அவருடைய ஆட்களும் சும்மா இருக்கவில்லை. மஞ்சுநாத்துக்கு ஆனேக்கல் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று கடைசி இரண்டு நாள் ஒரு பேச்சைக் கிளப்பினார்கள். ரத்னம்மாவுக்குத் தெரிந்து நடந்ததா, தெரியாமல் நடந்ததா? அதுவும் எனக்குத் தெரியாது. மஞ்சுநாத்தின் மனைவி ஒரு வாரம் வெளியே வரவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

மஞ்சுநாத் ஜெயித்தார். ஓட்டுப் போட வந்தவர்களே குறைவு என்றார்கள். ரேவதி போகவில்லை. "ரெண்டு பக்கமும் அசிங்கமா பேசறாங்க. இதுல நான் எத செலக்ட் பண்றது?" என்று காதில் வாக்மேனை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். முதல் ஓட்டுப் போட்டதும் விரல் மையோடு போட்டோ எடுத்து ஆரணிக்கு அனுப்ப வேண்டும் என்று நான் ஃபிலிம் ரோல் வாங்கி வைத்திருந்தேன்.

5

பிறகு நடந்தவைதான் என்னை இன்னும் குழப்பின. பின் சந்தில் பாதிப் பேர் மாவு அரைக்க மெயின் ரோட்டு மில்லுக்குப் போக ஆரம்பித்தார்கள். முன் தெருவிலும் சிலர் பாக்கெட் மாவுக்கு மாறினார்கள். மல்லிகாவும் போவதைக் குறைத்தாள். "கோவமெல்லாம் இல்ல. முகத்தப் பார்த்தா என்ன பேசறதுன்னு தெரியல" என்றாள். தேர்தலில் ஆளுக்கொரு பக்கம் நின்ற அண்ணன் தம்பி இருவர் வீட்டுக்கு நடுவே சுவரே எழுப்பிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் சேகருக்குக் கல்யாணம். நாங்களும் போனோம். மண்டபத்து வாசலில் தண்ணீர் லாரியை நிறுத்தி ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தவர் மஞ்சுநாத். ரத்னம்மா அவரை "மஞ்சண்ணா" என்று கூப்பிட்டு முதல் பந்தியில் உட்காரவைத்தார். மஞ்சுநாத்தின் மனைவி மணப்பெண்ணுக்குத் தலையில் பூ வைத்துவிட்டார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் அந்த ஆட்டோவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

கை கழுவும் இடத்தில் மஞ்சுநாத்திடம் நேராகவே கேட்டேன். "அண்ணா, அந்த ஆட்டோல சொன்னத நீங்க நம்பினீங்களா?"

அவர் நன்றாகத் தமிழ் பேசுவார். "எது ரீ, எதுங்க? ஓ, அதா? எலெக்ஷன்ல ஹுடுகரு, பசங்க, ஏதோ சொல்வாங்க. எலெக்ஷன் முகிது ஹோய்த்து, முடிஞ்சு போச்சு. நானும் அவங்களும் அன்னிக்கே கை குடுத்துட்டோம். நீங்க இன்னுமா அத நினைச்சுட்டு இருக்கீங்க, முத்து?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

கிளம்பும்போது ரத்னம்மா தாம்பூலப் பை கொடுத்தார். கூட்டம் குறைந்திருந்தது. எனக்குத் தைரியம் வந்தது. "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு நாங்க தட்டினப்ப, கதவைத் தொறக்க நேரம் ஆச்சா?"

மல்லிகா என் கையைப் பிடித்து இழுத்தாள். ரத்னம்மா முகம் மாறவில்லை.

"ஆச்சு. நீ கன்னடத்துல கத்துன. பாகிலு தெகீரி, பாகிலு தெகீரின்னு. கதவத் தொறங்கன்னு வெளிய ஒரு ஆம்பள கன்னடத்துல கத்துறான், மெயின் ரோட்ல வண்டி எரியுது. உள்ள நானும் சேகரும். யாருன்னு நெனைப்பேன்? அப்பறம் ஒரு பொம்பள கொரலு, சாமின்னோ இன்னாவோ தமிழ்ல அழுதுச்சு. அப்பத்தான் தொறந்தேன்."

நான் கன்னடத்தில் கத்தினேனா? தமிழ் வாயில் வந்தால் தெருவில் யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயந்து அப்படிக் கத்தியிருக்கலாம். அன்று எனக்குக் கன்னடத்தில் தெரிந்த சில வார்த்தைகளில் அவையும் உண்டு. ஆனால் எனக்கு நினைவில்லை. பஸ்ஸில் வரும்போது மல்லிகாவைக் கேட்டேன். "நீங்க தமிழ்லதான் கூப்பிட்டீங்க. அக்கா அக்கான்னு கூப்பிட்டீங்க" என்றாள் உறுதியாக. கதவின் அந்தப் பக்கம் நின்றவர் ஒன்று சொல்கிறார். இந்தப் பக்கம் நின்றவள் இன்னொன்று சொல்கிறாள். தட்டியவன் நான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

6

நேற்று ஓட்டுப் பதிவு. ரேவதி இப்போது ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறாள். விடுமுறை என்பதால் தோழிகளோடு மைசூர் போய்விட்டாள். நானும் மல்லிகாவும் வெயில் ஏறுவதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஆண்கள் வரிசையும் பெண்கள் வரிசையும் பக்கத்துப் பக்கத்தில். மல்லிகாவுக்கு முன்னால் ரத்னம்மா நின்றிருந்தார். மூட்டு வலி போலிருக்கிறது, சுவரில் ஒரு கையை ஊன்றியிருந்தார். மருமகள் எப்படி இருக்கிறாள், பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். வரிசை நகரவில்லை.

மல்லிகா திடீரென்று, "அக்கா, உங்ககிட்ட சொல்லிடணும். நீங்க கல்யாணத்துல சொன்னீங்க இல்ல, அது சரியாத்தான் இருக்கும். நான் நம்பறேன். உங்க வீட்ல சாப்ட்டது, எம் பொண்ணு தூங்கினது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா கண்ண மூடினா மூடின கதவுதான் வருது. முன்னெல்லாம் அப்படி இல்ல. அந்த ஆட்டோக்கு அப்பறந்தான். போக மாட்டேங்குதுக்கா" என்றாள்.

ரத்னம்மா திரும்பவில்லை. எனக்கு அவருடைய பக்கவாட்டு முகம் மட்டும் தெரிந்தது.

"எனக்கும் அதேதாம்மா" என்றார். "தொறந்ததுதான் எனக்கு மொத ஞாபகமா இருந்துச்சு. இப்ப அது வரமாட்டேங்குது. கதவுக்கு இந்தாண்ட தாழ்ப்பாள்ல கைய வச்சுக்கினு நான் நின்னுட்டு இருக்கிறதுதான் வருது. நின்னுட்டே இருக்கேன்."

மல்லிகா அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு காவலர் வந்து, பெண்கள் இரண்டு பேர் வாருங்கள் என்று கன்னடத்தில் கூப்பிட்டார். இருவரும் அப்படியே பிடித்தபடி படியேறி உள்ளே போனார்கள்.